பழைய பிக்கப்பின் முன் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்ட வேலை

கடலூர் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றும் பழைய பிக்கப்களுக்கு உப்புத்தண்ணீர்தான் எதிரி. ஐஸ் உருகி வழிவதும், ஐப்பசி மழையில் சாலையில் தேங்குவதும் பிரேக் டிரம்முக்குள் (ஷூ உள்ளிருந்து விரிந்து உரசும் உருளை) போய்விட்டால் முதல் இரண்டு மிதிக்கு வண்டி நிற்காது. நின்றாலும் ஒரு பக்கம் இழுக்கும். நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள பழைய மஹிந்திரா பிக்கப் ஒன்றில், பொலேரோ வகை முன் டிஸ்க்கும், அதைப் பேடால் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் பொருத்திய வேலையின் விவரம் இது.

டிஸ்க் மாட்டுவது இதில் பாதி வேலைகூட இல்லை. மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர், கால் பலத்தைக் கூட்டும் பூஸ்டர், பின் பிரேக்கின் பங்கு, இந்த மூன்றையும் தொடாமல் விட்டால் டிரம்மோடு ஓடியதைவிட ஆபத்தான வண்டிதான் மிஞ்சும். கடலூரின் டிஎன் 31 ஆனாலும் புதுச்சேரியின் பிஒய் 01 ஆனாலும் ஸ்பேனரை எடுக்கும் முன்பு பிரேக் இன்ஸ்பெக்டரிடம் (மோட்டார் வாகன ஆய்வாளர்) கேட்டுவிடுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுக்குள் வரும். எஃப்சி (தகுதிச் சான்று) நேரத்தில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

உதிரிபாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை வரை போகலாம். ஆனால் அங்கே பிராக்கெட், பெடல் போன்ற இரும்புச் சாமான்களை மட்டும் வாங்குங்கள். டிஸ்க், பேட், ஹோஸ், காலிப்பர் சீல் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். பழைய டிஸ்க்தான் கிடைத்தது என்றால், அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமன் எண்ணைப் பார்த்து மைக்ரோமீட்டரால் அளந்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஐந்து போல்ட் வீலின் பிசிடி (போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ. என்று இரண்டு பக்கமும் ஒத்துப்போனதால் டிஸ்க் ஹப்பில் உட்காரும் என்று நினைத்துவிடக் கூடாது. நடுத்துளையை லேத்தில் கடைந்து, ஹப்பின் விளிம்பில் 0.1 மி.மீ.க்கு மேல் ஆடாமல் உட்கார வைக்க வேண்டும். டிஸ்க்கின் தடிமன் கூடுவதால், வீல் நட்டு ஏறும் ஸ்டட்டில் வெளியே நிற்கும் நீளம் குறையும். நட்டு, குறைந்தது ஸ்டட்டின் விட்டத்தின் அளவுக்காவது மரையில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் நீள ஸ்டட் மாற்றுங்கள். சில பழைய வண்டிகளில் இடப்பக்க நட்டு எதிர்மரை. தெரியாமல் பலம் போட்டால் ஸ்டட் முறிந்துவிடும்.

காலிப்பர் பிராக்கெட்டுக்கு 12 மி.மீ. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பிளேட். துளைகளை கேஸ் கட்டிங்கில் போடாமல் டிரில்லில் போட்டு, 10.9 கிரேடு எம்12 போல்ட்டை டார்க் ரெஞ்சால் 110 நியூட்டன் மீட்டர் இறுக்கினோம். காலிப்பரின் நடுவும் டிஸ்க்கின் நடுவும் 0.5 மி.மீ.க்குள் ஒன்றி வரும்வரை ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். டயல் கேஜில் டிஸ்க்கின் ஆட்டம் 0.10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

டிரம் பொறுத்துக்கொண்ட ஒரு குறையை டிஸ்க் பொறுத்துக்கொள்ளாது: லூசான வீல் பேரிங். பேரிங் ஆடினால் டிஸ்க் சாய்ந்து பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். திருப்பத்தில் போய்விட்டு வந்து மிதித்தால் பெடல் பாதிவரை இறங்கும். பிரேக் லைனில் ஏர் இருக்கிறது என்று நினைத்து நாள் முழுக்க ஏர் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது ஏர் அல்ல.

இனி மாஸ்டர் சிலிண்டர். முன் டிரம்மில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் 25.4 மி.மீ. என்றால் ஒரு பிஸ்டனின் பரப்பு சுமார் 507 சதுர மி.மீ., இரண்டுக்கும் 1,014. 54 மி.மீ. காலிப்பர் பிஸ்டனின் பரப்பு சுமார் 2,290. இவ்வளவு பெரிய பிஸ்டனை நகர்த்தும் பிரேக் ஆயிலைப் பழைய 19 மி.மீ. மாஸ்டர் ஒரே மிதியில் தள்ளாது. அதனால் 25.4 மி.மீ. டேண்டம் (இரட்டை அறை) மாஸ்டர் போட்டோம். முன்னுக்கும் பின்னுக்கும் தனி அறை என்பதால் ஒரு ஹோஸ் வெடித்தாலும் மீதி நிற்கும். ஆனால் துளை பெரிதானதும் அதே கால் பலத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் சுமார் 44 சதவீதம் குறைகிறது. டிரம்மில் லீடிங் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தானே இறுகிக்கொள்ளும், டிஸ்க்குக்கு அந்த உதவியும் கிடையாது. பூஸ்டர் இல்லாமல் விட்டால் பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி வழுக்கிக்கொண்டே போகும்.

டீசல் என்ஜினின் மேனிபோல்டில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் (வெற்றிட உறிஞ்சல்) கிடைக்காது. ஆகவே பின்னால் வேக்கம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் தேவை. அதற்குப் போகும் மெல்லிய என்ஜின் ஆயில் ஹோஸைவிடத் திரும்பும் ஹோஸ் தடிமனாக இருக்கும். அது தொய்யாமல் சரிவாக சம்ப்புக்கு (என்ஜினடி ஆயில் தொட்டி) இறங்க வேண்டும். தொய்ந்தால் பம்புக்குள் ஆயில் நின்று பூஸ்டர்வரை போய்விடும். வேக்கம் லைனுக்குத் தண்ணீர் ஹோஸ் போடாதீர்கள், உள்ளிழுத்து ஒட்டிக்கொள்ளும். என்ஜினை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மிதிக்கு உதவி கிடைத்தால் பூஸ்டரும் ஒருவழி வால்வும் சரி.

பூஸ்டர் ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவே 0.5 முதல் 1 மி.மீ. இடைவெளி விட்டே தீர வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும், நாலைந்து கிலோமீட்டர் ஓடியதும் பிரேக் பிடித்தபடி நின்று வீல் புகையும். டிரம்முக்கான மாஸ்டரில் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கலாம். டிஸ்க்குக்குப் போகும் வழியில் அது இருந்தாலும் இதே கதைதான்.

பழைய லைன் நட்டு 3/8 அங்குல மரை, புதிய பாகங்களில் எம்10. பழையது புதியதற்குள் ஏறும், இறுகுவது போலவும் இருக்கும். அவசரமாக மிதிக்கும் நாளில் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். பொருத்தமான நட்டுப் போட்டுப் புதிய 4.75 மி.மீ. பைப்பின் முனையில் டபுள் பிளேர் (இரட்டை மடிப்பு) அடித்துவிடுங்கள். கடற்கரை வண்டிக்குக் குப்ரோ நிக்கல் பைப் கொடுக்கும் காசுக்குத் தகும். ஹோஸைக் காலிப்பரில் பிணைக்கும் பாஞ்சோ போல்ட்டின் இரண்டு செம்பு வாஷரும் ஒவ்வொரு முறையும் புதிதுதான்.

காலிப்பரின் பிளீடர் (ஏர் வெளியேற்றும் திருகு) மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடதும் வலதும் மாறிவிட்டால் அது கீழே வந்துவிடும், எத்தனை பாட்டில் டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றினாலும் ஏர் வெளியேறாது. மாஸ்டர் வலப்பக்கம் இருப்பதால் ஏர் எடுக்கும் வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் ஆயில் தண்ணீரை உறிஞ்சும். டாட் 4-இன் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155. இங்கே வருடம் ஒருமுறை மாற்றுவது நல்லது.

முன் பிரேக் சரியாக வந்தபின் பின்பக்கம் பாக்கி. வெறும் பிக்கப்பின் பின்புறம் லேசு. பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் (சுழலாமல் இறுகினால்) வண்டி சுற்றிவிடும். சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும், ஆக்ஸிலோடு லிங்க் இணைத்த லோட் சென்சிங் வால்வு வைத்து, மணல் படிந்த ஆளில்லாத இடத்தில் 30 கி.மீ. வேகத்தில், சுமையில்லாமல் சோதித்தோம். ஓரத்தில் நிற்பவர் சக்கரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முன் சக்கரம் முதலில் லாக் ஆகும்வரை லிங்க் நீளத்தைத் திருத்தி, பிறகு பாதி சுமை, முழுச் சுமை என மறுபடியும் பார்த்தோம்.

பேட் பதிவதற்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் அதிகாலையில், 50-லிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, 30 முறை. நடுவில் முழுக்க நிறுத்தி மிதித்தபடி வைத்திருக்கக் கூடாது, சூடான பேடின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும்.

நூறு கிலோமீட்டரில் பிராக்கெட் போல்ட்டையும் வீல் நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்த்தோம். 500-இல் பேடைக் கழற்றினோம். உள் பேடும் வெளிப் பேடும் சமமாகத் தேய்ந்திருந்தால், காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் சரியாக ஓடுகிறது. உப்பில் முதலில் சிக்குவது அந்தப் பின்தான். அதற்கு சிலிகான் கிரீஸ் மட்டும், சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் உப்பிவிடும்.