கட்டுக்கம்பி போட்ட கறுப்பு

2024 மார்ச் முதல் வாரம். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு பெல்ட்டுக்கு ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், "தம்பி, தோல் வேலை பாக்குறது நீங்கதானே?" என்று கேட்டபடி இடுப்பிலிருந்த ரெக்ஸின் பையை அவிழ்த்து மேசையில் வைத்தார். உள்ளே கான்பூரில் செய்த பாயிண்ட் 32 ரிவால்வர். நான் கேட்பதற்குள் சிலிண்டரை வெளியே தள்ளி, ஆறு துளையும் காலி என்று காட்டினார். லைசென்ஸையும் எடுத்து வைத்தார். பட்டாளத்து ஆள்.

ரெக்ஸின் உறை தொளதொளவென்று இருந்தது. ட்ரிகர் பக்கம் கிழிந்து, ஒரு விரல் தாராளமாக உள்ளே போகும். "இது ஆபத்து சார்" என்றேன். "அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றார்.

ஆம்பூரில் பதினெட்டு வருஷம் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டியவன் நான். அச்சுப் பிடித்த உறை செய்ய வேண்டுமென்றால் ஷூவுக்கு லாஸ்ட் என்கிற கால் வடிவக் கட்டை இருப்பதுபோல துப்பாக்கியின் வடிவில் ஒரு கட்டை வேண்டும். ஈரத்தோலை அதன்மேல் அழுத்திக் காயவிட்டால்தான் வடிவம் நிற்கும். அமெரிக்காவில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு நீல பிளாஸ்டிக்கில் டம்மி துப்பாக்கி கடையிலேயே கிடைக்கிறது. இங்கே அப்படி ஒன்றை வரவழைத்து, கஸ்டம்ஸில் போய் "சார், இது பிளாஸ்டிக்" என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. நிஜத்தை என்னிடம் விட்டுப் போகவும் அவரால் முடியாது, லைசென்ஸ் அவர் பேரில். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்க, நான் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். மொத்த நீளம் ஏழு அங்குலம், குழல் மூன்று. சுற்றி பென்சில் ஓட்டி, நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

பத்து நாளில் வந்து போட்டுப் பார்க்கிறேன் என்று போனார். மார்ச் 16 அன்று தேர்தல் அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள் இல்லையா, அவருடையதும் போய்விட்டது. ஜூன் வரைக்கும் எனக்கு மரத்துண்டுதான் கதி.

தச்சுப் பட்டறையில் ஒரு தேக்குத் துண்டு வாங்கி இரண்டு ஞாயிற்றுக்கிழமை செதுக்கினேன். சிலிண்டரும் குழலும் நன்றாகவே வந்தன. ட்ரிகரைச் சுற்றும் வளையத்தை மட்டும் மரத்தில் செதுக்கினால் உடைகிறது. மேல்வீட்டு சென்ட்ரிங் வேலையில் மிஞ்சிய கட்டுக்கம்பியை மூன்று இழை முறுக்கி, வளைத்துச் சொருகிவிட்டேன். அப்போது அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

தோல் திருச்சி செம்பட்டில் வாங்கினேன். வீடியோவில் எல்லாரும் எட்டு அவுன்ஸ், ஒன்பது அவுன்ஸ் என்பார்கள். ஒரு சதுர அடித் தோலின் எடைக் கணக்கு அது, அவுன்ஸுக்கு 0.4 மில்லிமீட்டர். கடைக்காரரிடம் எட்டு அவுன்ஸ் என்றேன், "தோலா மருந்தா?" என்றார். மூன்றேகால் மில்லியில் எருமை, முதுகுப் பக்கம். வயிற்றுப் பக்கம் இழுபடும், ஆகாது. மரப்பட்டையில் பதனிட்ட பட்டைத் தோல்தான் வேண்டும் என்பதிலும் கறாராக இருந்தேன். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் எவ்வளவு அழுத்தினாலும் பழையபடி எழுந்துகொள்ளும். ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று பதனிட்டுப் புவிசார் குறியீடு வரை வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். இப்போது கேட்டால் பாதிக் கடையில் குரோம்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

இரண்டு துண்டு வெட்டி, சொல்யூஷன் போட்டு ஒட்டி, குத்தூசியால் துளையிட்டு, மெழுகு நூலில் இரண்டு ஊசி வைத்துத் தைத்தேன். அங்குலத்துக்கு ஏழு தையல். மெஷின் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையாகப் பிரியும், இதில் பிரியாது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கினேன். தோலுக்குள்ளிருந்து குமிழி குமிழியாகக் காற்று வரும். அது நின்றதும் எடுத்துவிட வேண்டும். உடனே அழுத்தக் கூடாது. கறுத்த நிறம் வெளுக்க ஆரம்பித்து, கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று, ஆனால் ஈரம் ஒட்டாமல் இருக்கிற நேரம் ஒன்று வரும். அதுதான் பதம். அப்போது கட்டையைச் சொருகி, எலும்புக் கரண்டியால் சிலிண்டரைச் சுற்றி, வளையத்தின் உள்பக்கம் என்று தேய்த்துக்கொண்டே போனால், தட்டையாக இருந்த தோலுக்குள்ளிருந்து துப்பாக்கி மெல்ல எழுந்து வருகிறது. நகம் பட்டால் அதுவும் பதிந்துவிடும். என் கட்டைவிரல் ஒரு இடத்தில் பட்டுவிட்டது. ஓரம் விலகாமலிருக்க நாலு இரும்பு கிளிப் மாட்டி, ஃபேனுக்கடியில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் கிளிப் இருந்த நாலு இடத்திலும் மைக்கறை. கட்டையை உருவிப் பார்த்தால் உள்ளே வளையம் முழுக்கப் பேனாவால் வரைந்ததுபோல நீலக்கறுப்பு. பட்டைத் தோலில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்து எழுதுமை அப்படிச் செய்ததே. கம்பிக்குமேல் ஒரு பாலித்தீன் பையைச் சுற்றியிருந்தால் முடிந்தது கதை. பதினெட்டு வருஷமும் குரோம் தோலில் கழித்தவனுக்கு அது உறைக்கவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், கொஞ்சம் மங்கியது, போகவில்லை.

சுபேதாரிடம் போனில் சொன்னேன். பிரவுன் கேட்டவர். "கறுப்பாவே பண்ணிடுங்க தம்பி" என்றார்.

கறையே வழி காட்டியது. வினிகரில் துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் ஊறப்போட்டு, வடிகட்டி, பிரஷால் தடவினேன். தடவத் தடவக் கண்ணெதிரே கறுக்கிறது. கலம்காரிக் கறுப்புக்கு இரும்பையும் வெல்லத்தையும் புளிக்க வைப்பார்களே, அதுக்குச் சொந்தக்காரன்தான் இது. மேலே பூசிய சாயம் இல்லை, தோலே கறுத்தது, அதனால் சட்டையில் ஒட்டாது. புளிப்பு மிச்சமிருந்தால் துப்பாக்கி துருப்பிடிக்கும் என்று ஆப்ப சோடாத் தண்ணீரில் அலசினேன். காய்ந்ததும் எண்ணெய், ஓரத்துக்குத் தேன்மெழுகு, மேல்வாருக்கு டிச் பட்டன்.

தேர்தல் முடிந்து ஜூன் இரண்டாம் வாரம் வந்தார். துப்பாக்கி முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. எனக்கு வேர்த்தது. தையலை நெருக்கிவிட்டேனோ? பழைய பிரெட் கவர் ஒன்றைத் துப்பாக்கிமேல் மாட்டி அழுத்தச் சொன்னேன், அந்தத் தடிமனுக்குத் தோல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். ராத்திரி முழுக்க அப்படியே விடுவது வழக்கம், இங்கே அதற்கு வழியில்லை. அரைமணி நேரம் அப்படியும் இப்படியும் அசைத்துக்கொண்டே ஸ்டேஷன் எழுத்தர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கவரை எடுத்துவிட்டுப் போட்டார். டக்கென்று உட்கார்ந்தது. தலைகீழாகக் கவிழ்த்து உதறினார், விழவில்லை. ட்ரிகர் பக்கம் விரலை நுழைத்துப் பார்த்தார், வழியில்லை.

சிலிண்டருக்குக் கீழே விரல் நின்றது. "இது என்ன, பிறை மாதிரி?"

"என் நகம் சார்."

மூவாயிரம் சொல்லியிருந்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறும், டிவிஎஸ்ஸில் கட்டி வைத்திருந்த பத்துக் கிலோ பொன்னி அரிசியும் கொடுத்தார். பேரனுக்கு அந்த மரத் துப்பாக்கியைக் கேட்டார். அது மட்டும் முடியாது என்றுவிட்டேன். கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பித்தளையில் வளையம் போட்டிருக்கிறேன் அதற்கு.