மூணு பை பதினைந்து

ஜனவரி 17, 2025, வெள்ளி

பொங்கலுக்கு ஊருக்குப் போன தன்னார்வலர்கள் யாரும் இன்னும் திரும்பவில்லை. நாளை மாலை எங்கள் கூடத்தில் அச்சோவியக் கண்காட்சித் திறப்பு. படம் மாட்ட ஆள் இரண்டே பேர்: நானும், கீழ்த்தள வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும். மொத்தம் 32 அச்சோவியங்கள். பாதி லினோகட் (லினோலியம் ஷீட்டில் செதுக்கி அச்செடுப்பது), மீதி எச்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுப்பது).

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குலத்தில் இருக்க வேண்டும், படம் பெரிதோ சிறிதோ எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு என்றேன். "வீட்டுல சாமி படத்தையே இதைவிட மேலதானே சார் மாட்டுறோம்" என்றார் அண்ணன். அதை அண்ணாந்து கும்பிடுகிறோம், இதைக் கிட்டப் போய் மூக்கு இடிக்கிற மாதிரி பார்க்கணும் என்று சமாளித்தேன்.

மேற்கு ஜன்னல்தான் தலைவலி. காகிதத்தில் உள்ள படைப்புகளுக்கு 50 லக்ஸ், அதாவது மங்கலான வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். எங்களுக்கு நாலு மணி வெயில் நேராகச் சுவரில் அடிக்கிறது. பழைய வேட்டி இரண்டை இரட்டையாக மடித்துத் தொங்கவிட்டோம்.

ராத்திரி லேபிள் எழுத உட்கார்ந்தேன். 'மழை' என்ற லினோகட்டில் அந்தச் சொல்லே பெரிதாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் உள்ள ழ மட்டும் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி நிற்கிறது. வெகுநேரம் யோசித்து, "நாம் மறந்துவரும் எழுத்து நமக்கு முதுகு காட்டுகிறது" என்று எழுதினேன். மனசுக்குள் ஒரு சின்ன கர்வம்.

ஜனவரி 18, சனி

திறப்பு நடந்தது. சிறப்பு விருந்தினர் 40 நிமிடம் பேசினார், அதில் படங்களைப் பற்றி 2 நிமிடம்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி படத்தின் அடியில் பென்சிலில் எழுதியிருந்ததைக் காட்டி, "மூணு பை பதினைந்துன்னா, பதினஞ்சுக்கு மூணு மார்க்தானா அங்கிள்?" என்றாள். பக்கத்தில் நின்ற இளைஞர் சிரித்தாலும், காதை இங்கேதான் வைத்திருந்தார். ஒரே அச்சுக்கட்டையிலிருந்து எடுத்த 15 படிகளில் இது மூன்றாவது என்று சொன்னேன். உடனே அவளுடைய அப்பா, "அப்போ இது ஜெராக்ஸா?" என்றார்.

அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்க வேண்டும். எச்சிங் ஒன்றின் முன்னால் அவரைக் கூட்டிப்போனேன். துத்தநாகத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சு பூசி, ஊசியால் கீறி, நைட்ரிக் அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி, மேலே நிற்கும் மையைத் துணியால் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து உருளைக்கு அடியில் விடுவார்கள். ஒவ்வொரு படிக்கும் முதலிலிருந்து மை போட்டு, முதலிலிருந்து துடைக்க வேண்டும். துடைக்கிற கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். பேசிய எண்ணிக்கை முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துவிடுகிறவர்களும் உண்டு, மறுபடி எடுக்க முடியாதபடி.

பொறுமையாகக் கேட்டார். "சரி. ஆனா இன்னும் 14 பேர் வீட்ல இதே படம் இருக்குமே?"

அதனால்தான் விலை 4,000 ரூபாய், இல்லாவிட்டால் 40,000 என்று சொல்லத் தோன்றியது அவர் போன பிறகுதான்.

ஜனவரி 20, திங்கள்

யாரும் வரவில்லை. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.

ஜனவரி 22, புதன்

ஈஞ்சம்பாக்கம். சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்து 1966இல் உண்டாக்கிய இடம். படம் விற்றுப் பிழைக்க முடியாத காலத்தில், பாத்திக் துணிகளும் (மெழுகு பூசிச் சாயமேற்றியவை) கைவினைப் பொருள்களும் செய்து விற்று நிலம் வாங்கினார்கள். எங்கள் கூடத்துக்கு வாடகை கட்ட உண்டியல் குலுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பாத்திக் நினைவு வரும்.

இன்று போனது பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்காக. ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், ஓலைச்சுவடி மாதிரி நெருக்கமான, மலையாளம் போலத் தெரியும் எழுத்துகள். ஆனால் வாசிக்க முடியாது. கூட வந்த கல்லூரிப் பையனுக்கு மலையாளம் தெரியும். எழுத்துக்கூட்டிப் பார்த்து, இரண்டு வரியில் விட்டுவிட்டான். "படிக்க முடியலைன்னதும்தான் சார் படத்தையே பார்த்தேன்" என்றான்.

பஸ்ஸில் திரும்பும்போது என் லேபிள் ஞாபகம் வந்து உறுத்தியது. மாற்றலாமா என்று நினைத்தேன். மாற்றவில்லை.

ஜனவரி 25, சனி

ஓவியருடன் சந்திப்பு. நாற்காலி 30, ஆள் 14.

அவருக்கு மேடைப் பேச்சு வரவில்லை. பத்தாவது நிமிடமே மைக்கை வைத்துவிட்டு, பையிலிருந்து லினோ துண்டை எடுத்தார். குளிரில் விறைத்துப் போகும், லேசாகச் சூடு காட்டினால் வெண்ணெய் மாதிரி வெட்டலாம் என்று ஜன்னலோர வெயிலில் வைத்தார். (எங்கள் வேட்டியை விலக்கித்தான்.) அதற்கப்புறம் எல்லோரும் நாற்காலியை விட்டு மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

கடைசி வரிசையில் இருந்த பெரியவர் மட்டும் எழாமல், "தம்பி, அந்த மழைல ழ ஏன் அப்படி நிக்குது?" என்று கேட்டார்.

ஓவியர் நெளிந்தார். "தப்பு ஐயா. அச்சுல நேரா விழணும்னு எல்லா எழுத்தையும் திருப்பிச் செதுக்கினேன், அதை மட்டும் நேராச் செதுக்கிட்டேன். முதல் புரூஃப் எடுத்தப்பதான் தெரிஞ்சது. வெட்டினதை ஒட்ட முடியாது, வேற ஷீட் வாங்கக் காசில்லை."

யாரோ என் லேபிளைச் சத்தமாக வாசித்தார்கள். நான் டீ கொண்டுவரப் போனேன்.

திரும்பி வந்தால் பெரியவர் மேஜை அருகில். 31 வருடம் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராம். ஈய எழுத்து ஒவ்வொன்றும் கண்ணாடி பிம்பமாக இருக்கும். ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் கோக்கும்போது வரியைத் தலைகீழாக வைத்து, இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போவார்களாம். "எங்க அச்சகத்துல இந்த ழ வந்திருந்தா அன்னைக்குச் சம்பளத்துல பிடிச்சிருப்பாங்க." ஓவியர் பென்சிலை நீட்டினார். லினோவில் 'வணக்கம்' என்று திருப்பி எழுதினார் பெரியவர், ஒரு இடத்திலும் நிற்காமல், கடிதம் எழுதுகிற வேகத்தில். வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கமாக வந்தார். அந்த எழுத்தின் மேலேயே ஓவியர் செதுக்கி, மை போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து 14 பேருக்கும் ஆளுக்கொரு படி கொடுத்தார். என்னுடையது 9/14.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் லேபிளைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒட்டினேன்: 'மழை, லினோகட், 3/15.' பழையதைக் கசக்கப் போனேன். ஓவியர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மதியம் அந்த ஜெராக்ஸ் அப்பா மறுபடி வந்தார், மகளோடு. விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. 'மழை' முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"மீதி 14லயும் ழ இப்படித்தானே இருக்கும்?"

"ஆமாம்."

ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தார். மீதி, பிப்ரவரி சம்பளத்தில்.