ஐந்தாம் நாள்

எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் இரத்தத்தின் மோனோசைட் என்னும் வெள்ளையணு வழியில் வந்தவை என்று பாடநூலில் படித்திருந்தாலும், சுண்டெலியின் தொடையெலும்பிலிருந்து மஜ்ஜையைக் கழுவியெடுத்து நானே வளர்க்கத் தொடங்கியபோதுதான் அது எனக்கு உறைத்தது. முதலில் எம்-சிஎஸ்எஃப் என்னும் புரதத்தை மட்டும் கொடுத்தால் செல்கள் பிழைத்துப் பெருகும். ராங்க் என்னும் ஏற்பியும் அவற்றின் மேல் தோன்றும். மூன்றாம் நாள் அந்த ஏற்பியில் பொருந்தும் ராங்க்எல் புரதத்தைச் சேர்க்க வேண்டும்.

அதன்பின் பல செல்கள் ஒன்றாக இணைந்துதான் ஓர் ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாகும். முதல் சில மாதங்கள் எனக்கு ஒன்றுகூட வரவில்லை. எலிகளைக் குறை சொன்னேன், இன்குபேட்டரைக் குறை சொன்னேன். மூத்த ஆய்வாளர் ஒருவர், "ராங்க்எல் குழாயை எத்தனை முறை உருக்கி உறைய வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கணக்குத் தெரியவில்லை; அப்படி மீண்டும் மீண்டும் செய்தால் புரதம் செயலிழந்துவிடும். சிறு சிறு அளவாகப் பிரித்து உறைய வைத்த புதிய புரதத்தைத் திங்கட்கிழமை சேர்த்தேன். வெள்ளி மாலை ஓரிரு செல்கள் இணையத் தொடங்கியிருந்தன. நிம்மதியாக வீட்டுக்குப் போய், அடுத்த திங்களன்று வந்து பார்த்தால் தட்டில் சிதைந்த மிச்சங்களே கிடந்தன. இடையில் அவை உருவாகி, முதிர்ந்து, மடிந்துவிட்டன.

மூன்று நாள் சும்மா இருப்பதுபோல் தெரிந்த செல்கள் இப்படித் திடீரென மாறுவதற்கு என்ஃபேட்-சி1 என்னும் புரதமே முக்கியக் காரணம். ராங்க்எல் தரும் சமிக்ஞை டிராஃப்6, சி-ஃபாஸ் என்னும் புரதங்கள் வழியாக அதை எழுப்ப, அது தன் மரபணுவின் முன்பகுதியிலேயே போய் அமர்ந்து தன்னையே மேலும் மேலும் உற்பத்தி செய்துகொள்கிறது. செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் டிசி-ஸ்டாம்ப் போன்ற புரதங்களும் அதன் கட்டுப்பாட்டில்தான் உருவாகின்றன. பாடநூலின் அம்புக்குறிப் படங்கள் இந்தக் காலக்கணக்கைக் காட்டுவதே இல்லை.

இத்துறையின் வரலாற்றில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. 1997இல் முதலில் அகப்பட்டது எலும்பு அரிப்பைத் தடுப்பவன்தான்: ஆஸ்டியோபுரோட்டெஜெரின். அந்தப் புரதம் மிகையாகச் சுரந்த எலிகளின் எலும்புகள் அசாதாரணமாக அடர்ந்திருந்தன. அது எதைப் பிடித்து முடக்குகிறது என்று தேடியே 1998இல் ராங்க்எல்லை அடையாளம் கண்டார்கள். ராங்க்எல்லை முடக்கும் அதே வேலையை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் ஊசியாகப் போடப்படும் டெனோசுமாப் என்னும் மருந்து இன்று எலும்புத் தேய்வு நோயாளிகளுக்குச் செய்கிறது. ஊசியை நிறுத்தினால் எலும்பு அரிப்பு வேகமாகத் திரும்பிவிடும்.

இப்போதெல்லாம் ராங்க்எல்லைச் சனிக்கிழமையில்தான் சேர்க்கிறேன். ஐந்தாம் நாளான வியாழன் மாலை வேறு எந்தக் கூட்டத்துக்கும் ஒப்புக்கொள்வதில்லை; ஆஸ்டியோகிளாஸ்ட்களைச் சிவப்பாகக் காட்டும் டிராப் சாயமேற்றி, மூன்றுக்கு மேற்பட்ட உட்கருக்களுடன் சிவந்து நிற்பவற்றை எண்ணிக்கொண்டிருப்பேன்.