இரண்டு மாதம் அசையாத வளையம்: சிபி 350 முன்சில்லு

கழன்றுவிட்டது! வெள்ளிக்கிழமை பின்னேரம், உப்புவெளியில் எங்கள் வீட்டு மாமரத்தடியில், ‘டக்’கென்று ஒரு சத்தம். கழற்றும் கருவியின் முளைதான் திரும்பவும் முறிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். குனிந்து பார்த்தால் பேரிங் ரிட்டெயினர், அதாவது சில்லின் நடுக்குடமான ஹப்புக்குள் பேரிங்கைப் பிடித்து வைக்கும் திருகுப்புரி வளையம், கால் சுற்றுத் திரும்பியிருக்கிறது.

வண்டி அப்பாவுடையது, 1971 ஹோண்டா சிபி 350. கிண்ணியாவில் வேலை. 2009இல் பாலம் திறக்கும் வரை தினமும் பாதையில், அதுதான் வண்டி ஏற்றும் படகில், ஏற்றித்தான் அக்கரை போவார். அலை தெறித்து நனைந்த உப்புத் தண்ணீர் அப்படியே ஹப்புக்குள் குடியிருந்துவிட்டது. ஹப் அலுமினியம், வளையம் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் உப்பு நின்றால் அலுமினியம்தான் அரிபடும். அரித்த இடத்தில் வரும் வெள்ளை மாவு புரிக்குள் அடைத்துக்கொண்டு சீமெந்து மாதிரி இறுகிவிடும். இரும்புக் கறளை எண்ணெய் ஊற்றி இளக்கலாம். இந்த மாவு எண்ணெய்க்கு மசியாது. அசிற்றோனும் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து மூன்று நாள் ஊறப்போட்டும் பார்த்தேன், வாசம்தான் மிச்சம்.

எனக்கு முன்பே யாரோ ஒரு மெக்கானிக் உளி வைத்து அடித்து, கருவியின் முளை மாட்ட வளையத்தில் இருக்கும் நாலு துளையில் இரண்டைப் பிய்த்து வைத்திருந்தார். அந்த மனிதரைக் கண்டால் ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சண்டை பிடிப்பேன். ஆனால் நான் விட்ட பிழை அதைவிட மோசம். வளையத்தின் விளிம்பில் பஞ்ச் குத்தி ஹப்போடு பூட்டியிருப்பார்கள் என்பது தெரியும். ஒரு குத்தைக் கண்டு அதைத் துளைத்து எடுத்துவிட்டு முடிந்தது என்று இருந்தேன். கறுத்துப்போன கிறீசுக்குக் கீழே இன்னொன்று ஒளிந்திருந்தது! மண்ணெண்ணெயும் பித்தளைப் பிரஷும் போட்டுத் துலக்கிய பிறகுதான் தெரிந்தது. 3 மில்லிமீற்றர் பிட்டால் மேலாக ஒரு கடி, போதும். ஆழமாகப் போனால் ஹப்பின் புரி போய்விடும்.

உண்மையான மல்லுக்கட்டு கருவியோடுதான். தடித்த இரும்புப் பட்டையில் இரண்டு முளை வெல்ட் பண்ணினேன். சாதாரண போல்ட் முளை முதல் நாளே வளைந்தது. உறுதி கூடிய அலன் போல்ட்டை, 12.9 என்று தலையில் அடித்ததை, வெட்டிப் போட்டேன். அது வளையவில்லை, ஆனால் பலம் கொடுத்த நேரம் துளையை விட்டு மேலே ஏறி வழுக்கியது. துளை இன்னும் கொஞ்சம் வாய் பிளந்தது. இப்படியே மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

வழி சொன்னது பக்கத்து வீட்டு ஐயா. நேவி டொக்யார்ட்டில் பிட்டராக இருந்தவர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, நீர் திருப்பிறதுக்குத்தான் பலம் போடுறீர். அமத்திப் பிடிக்கிறது ஆர்?” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். பட்டையின் நடுவில் ஓட்டை போட்டு, சில்லின் சொந்த அச்சையே ஊடே விட்டு, மற்றப் பக்கம் பெரிய வாஷர் வைத்து நட்டை இறுக்கினேன். முளை ஏற இடமே இல்லை. பிறகு கேஸ் டோர்ச்சால் ஹப்பைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினேன், ஒரே இடத்தில் நிற்காமல், தண்ணீர்த் துளி விழுந்தால் ‘சொய்’ என்று துள்ளும் வரை. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது. பட்டையில் நாலடிக் குழாயை மாட்டி, ரயரை மச்சான் மிதித்துப் பிடிக்க, இடப்பக்கமாக ஒரே இழுப்பு. (ஹோண்டாவில் வழமையான புரிதான். சில பிரிட்டிஷ் வண்டிகளில் இடப்புரி வரும், பிடிக்க முதல் பார்த்துக்கொள்ளுங்கள்.) அசைந்த பிறகு ஒவ்வொரு கால் சுற்றுக்கும் அச்சு நட்டைக் கொஞ்சம் இளக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே வரும் வளையம் பட்டையில் முட்டித் திரும்பவும் இறுகும். அவசரத்தில் ஒரு தரம் மறந்து, நெஞ்சு அடைத்துப்போனது.

புரியில் கடைசி இரண்டு சுற்றுத்தான் அரிபட்டிருக்கிறது, தப்பியது. வளையம் பழைய இரும்புக்குப் போகும். புதியது கொழும்பில், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேட வேண்டும். இங்கே திருகோணமலை மத்திய வீதியில் கேட்ட கடையில், “இந்த வண்டி இன்னும் ஓடுதா?” என்று என்னையே கேட்டார்கள். பேரிங் இரண்டு பக்கமும் றபர் மூடியது, 2ஆர்எஸ், வாங்கிவிட்டேன். கடற்கரை ஊருக்கு அதுதான் சரி. புதுப் புரிக்கு ஆன்ரி-சீஸ், இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை, பூசாமல் பூட்டவே மாட்டேன்.

பழைய பேரிங் இரண்டும் இன்னும் ஹப்புக்குள்தான். அதற்குள் மனம் ஸ்போக் கம்பிக்கு ஓடுகிறது: துருப்பிடிக்காத இரும்பில் போடுவதா, அப்பா காலத்து மாதிரி நாகம் (சிங்க்) பூசியதா? மச்சான் முதலாவது என்கிறான். அப்பாவிடம் கேட்டேன். வளையத்தைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “முதல்ல பிரேக்கைப் பார்” என்றார்.