மந்திரவாதியின் குடுமி யார் கையில்? ட்ராகன் ஏஜ் பற்றிச் சில குறிப்புகள்

ட்ராகன் ஏஜ் எனும் வீடியோ கேம் தொடரின் உலகத்தில் மந்திரவாதி கையசைத்தால் ஒரு அறையே தீப்பிடிக்கும். அவனுக்குக் காவலாக நிற்கும் டெம்ப்ளர் எனும் வீரரிடம் வாள், கேடயம், மந்திரத்தை முறிக்கும் பயிற்சி, அவ்வளவுதான். ஆனாலும் நடுங்குவது மந்திரவாதிதான். அது ஏன் என்பதை 2009-ல் வந்த முதல் பாகமான ஒரிஜின்ஸின் மந்திரவாதி முன்கதைதான் நம்மையே செய்ய வைத்துப் புரியவைக்கிறது.

மந்திரவாதிகளைப் பயிற்றும் கோபுரத்துக்கு வரும் மாணவனின் ரத்தத்தை ஒரு குப்பியில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். எங்கே ஓடினாலும் அதை வைத்துத் தேடிப் பிடிக்கலாம். அடுத்தது ஹாரோயிங் தேர்வு. மனம் ஃபேடு எனும் கனவுலகத்துக்குள் போய்ப் பேயை எதிர்கொள்ளும். உடலருகே டெம்ப்ளர்கள் தயாராக நிற்பார்கள். பேய் பிடித்தாலும் வெட்டு, திரும்பி வரத் தாமதமானாலும் வெட்டு. தேர்வுக்குத் தகுதியில்லை என்று முடிவுகட்டினால் டிராங்க்வில் ஆக்கிவிடுவார்கள்: மந்திரமும் போகும், உணர்ச்சியும் போகும்.

நம் நண்பன் ஜோவனுக்கு அந்தத் தண்டனை உறுதியானதும் தன் குப்பியை உடைக்கக் கிளம்புகிறான். குப்பிகள் இருக்கும் அறைக்கு இரண்டு சாவிகள்: ஒன்று தலைமை மந்திரவாதி இர்விங்கிடம், மற்றது டெம்ப்ளர் தளபதி கிரீகோரிடம். சாவி கிடைக்காது என்பதால் கதவை எரிக்க நெருப்புக்கோல் வேண்டும். அதைக் கிடங்கில் கேட்டால், அங்கே இருக்கும் ஓவன் மூத்த மந்திரவாதி கையெழுத்திட்ட படிவம் கேட்கிறார். ஓவனும் ஒரு டிராங்க்வில்! அந்தத் தண்டனைக்குப் பயந்து ஓடுகிறவனுக்காக, அதே நிலையில் இருப்பவரிடம் நாம் போய்ப் படிவம் நீட்ட வேண்டும். அலைந்து கோலை வாங்கி வந்தால் அந்தக் கதவில் மந்திரம் பலிக்காது; சுற்றிப்போய்ச் சுவரை உடைக்க வேண்டியிருக்கிறது. உள்ளே நம் குப்பியைத் தேடினால் இல்லை. தேர்வில் தேறியவர்களின் குப்பி தலைநகர் டெனரிமுக்குப் போய்விடும். தேறினால் விடுதலை இல்லை, பிடி இன்னும் எட்டாத இடத்துக்குப் போகிறது.

2011-ல் வந்த இரண்டாம் பாகம் சறுக்குவது இங்கேதான். கதை நடக்கும் கிர்க்வால் நகரத்தில் டெம்ப்ளர் கெடுபிடியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; நாம் ஆடும் பாத்திரமான ஹாக் மந்திரவாதியாக இருந்து நடுத்தெருவில் நெருப்பு வீசினாலும் ஆட்ட விதிகளில் எந்தச் சிக்கலும் வராது. மந்திரவாதிகள் பக்கம் நின்றாலும் கடைசியில் அவர்களின் தலைவர் ஒர்சினோ தடைசெய்யப்பட்ட ரத்த மந்திரத்தில் இறங்கி நம்மிடமே மோதுகிறார். நாம் எடுத்த முடிவுக்கு அது மரியாதையே இல்லை.

டெம்ப்ளர்களின் குடுமியும் இன்னொருவர் கையில்தான். அவர்கள் உட்கொள்ளும் லிரியம் எனும் மந்திரக் கனிமம் அடிமைப்படுத்தும், காலப்போக்கில் நினைவையும் அரிக்கும். அதை வழங்குவது சான்ட்ரி எனும் மதபீடம். லிரியம் இல்லாமலே அந்தத் திறமைகளைக் கற்கலாம் என்று ஒரிஜின்ஸில் டெம்ப்ளர் பயிற்சி பெற்ற நம் தோழர் அலிஸ்டர் சொல்லி, நமக்கும் கற்றுத்தருகிறார். மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தைச் சொந்தமாக நடத்துபவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, காவலரின் பிடியும் இன்னொருவர் கையில் இருக்கும் இந்த அமைப்பைத்தான். காவலரின் வாள்வீச்சுக்குப் புள்ளிகளை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், மந்திரவாதி அவரை ஒரே சுற்றில் சாய்த்துவிடுவான். காவலருக்கு மாதாமாதம் வந்து சேர வேண்டிய பொருள் ஒன்றை வையுங்கள். ஆட்டக்காரர்கள் அந்த வண்டியை மறித்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.