கோட்டில் படுத்த அலை

பழைய ஃபைலைக் குடைந்தபோது, வயிற்றிலிருக்கும் குழந்தையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் அந்த டாப்ளர் ஸ்கேன் படம் மறுபடி கையில் சிக்கியது. ரம்பப் பல் மாதிரி அலைகள். ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே இருக்கிற பள்ளம் அடிக்கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டுமாம். என்னுடையது கோட்டில் படுத்துக்கிடந்தது. அப்போது எனக்கு 29 வாரம்.

தொப்புள்கொடித் தமனிகள் ரத்தத்தைக் குழந்தையிடமிருந்து நஞ்சுக்கொடிக்குக் கொண்டுபோகின்றன. நஞ்சுக்கொடி நன்றாக இருந்தால், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழந்தையின் இதயம் ஓய்வெடுக்கும்போதும் ரத்தம் முன்னே போய்க்கொண்டே இருக்கும். அங்கே குழாய்கள் கெட்டுப்போனால் அந்த இடைவேளையில் ஓட்டம் குறையும், நிற்கும், இன்னும் மோசமானால் பின்னோக்கித் திரும்பும். எனக்கு நின்றிருந்தது.

"மூளைக்குப் போற ரத்தம் கூடியிருக்கு" என்று டாக்டர் சொன்னதும், அப்பாடா என்றிருந்தது. கை, கால், குடல், சிறுநீரகம் எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்து மூளைக்கு அனுப்புகிறான். கெட்டிக்காரன் என்று பெருமை வேறு! பற்றாக்குறை வந்ததால்தான் அந்தச் சிக்கனம், அதனால் மூளைக்கு ஒன்றுமே ஆகாது என்று அர்த்தமில்லை என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

அப்புறம் காத்திருப்பு. உள்ளே இருந்தால் பட்டினி, வெளியே எடுத்தால் குறைமாதம். குழந்தையின் கல்லீரல் பக்கம் இருக்கும் இன்னொரு சின்ன ரத்தக்குழாயையும் இதயத்துடிப்பையும் தினமும் பார்த்தார்கள். இப்படி வளர்ச்சி குன்றிய குழந்தைகளை எப்போது வெளியே எடுப்பது என்று பார்த்த, 2015இல் வெளிவந்த ட்ரஃபிள் ஆய்வில், அந்தக் குழாயின் அலை வெகுவாகக் கெடும்வரை பொறுத்திருந்த பிரிவில், பிழைத்த குழந்தைகளில் அதிகம் பேர் 2 வயதில் நரம்புக் குறைபாடு இல்லாமல் இருந்தார்களாம். அப்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும்? கூரையைப் பார்த்தபடி அசைவுகளை எண்ணினேன்.

31 வாரம் 2 நாளில் எடுத்தார்கள். 1,040 கிராம். அவன் மூளையைக் காக்க எனக்கு மெக்னீசியம் ஏற்றியபோது உடம்பெல்லாம் தணல்.

இப்போது 6 வயது. வாய் ஓயாது. சட்டைப் பொத்தான் மட்டும் போடத் தெரியாது, பென்சிலை முஷ்டியில் பிடிக்கிறான். எதைப் பார்த்தாலும் அந்தக் கோடுதான் காரணமோ என்று என் மனசு ஓடும். "நானும் ஒன்பது வயசு வரைக்கும் ஷூ லேஸ் கட்டினதில்ல" என்கிறார் கணவர். அதுவும் இருக்கலாம்.

வியாழக்கிழமை வளர்ச்சி மதிப்பீடு. பிரசவ ரிப்போர்ட் எல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள், அதற்குத்தான் ஃபைலைத் தேடினேன்.