விலங்கியல் வகுப்பும் ஜேம்ஸ் அலிசனின் ஆய்வும்

1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயர்தர வகுப்பில், உடல் நோயை எதிர்க்கும் ஆற்றலான நிர்ப்பீடனம் படிப்பித்த எங்கள் விலங்கியல் ஆசிரியர், வெண்குருதிக்கலங்களுள் ஒன்றான நிணநீர்க்குழியத்தைக் கரும்பலகையில் வரைந்து, அந்நியப் பொருளில் ஒட்டிக்கொள்ளும் புரதமான பிறபொருளெதிரியைச் சுரப்பது ஒரு வகை, நோயுற்ற கலத்தை நேரே சென்று அழிப்பது மற்றொரு வகை என்று விளக்கினார். கடைசி வாங்கில் இருந்த நான், அந்த இரண்டாம் வகை தன் இலக்கை எப்படி இனங்காணும் என்று கேட்டேன். "அது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, தம்பி" என்றார் சேர். பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்டதற்கு அவர் சினக்காததே அன்று எனக்குப் பெரிதாகப் பட்டது.

டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்மித்வில் என்ற சிற்றூரில் இருந்த ஆய்வுகூடமொன்றில், அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் அலிசன் அந்த விடையை 1982இலேயே நெருங்கிவிட்டார் என்பதை, ரொறன்ரோவில் மருத்துவமனை ஆய்வுகூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகே அறிந்தேன். சேர் சொன்ன இரண்டாம் வகையான ரீ நிணநீர்க்குழியத்தின் (ரீ கலத்தின்) மேற்பரப்பில், இலக்கை இனங்காணும் வாங்கிப் புரதத்தை அவர் சுண்டெலியில் அடையாளம் காட்டினார். 1984இல் அதன் மரபணுவைக் கண்டறிந்த இரு குழுக்களுள் ஒன்று, இதே ரொறன்ரோவில் டாக் மாக் நடத்திய குழு.

அலிசன் 1948இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே தாயை நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பள்ளியில் கூர்ப்புக் கொள்கையை விலக்கிவிட்டு உயிரியல் கற்பித்தார்கள் என்பதற்காக, அந்த வகுப்பில் இருக்க மறுத்து, அஞ்சல்வழியில் உயிரியல் படித்தார். நம் காலத்தில் நம்மில் ஒருவன் அப்படி மறுத்திருந்தால் அதிபரின் பிரம்புதான் முதலில் பேசியிருக்கும்.

அவருடைய ஆய்வுகளை ஆண்டு வரிசையில் படித்தால், புற்றுநோய் மருந்து தேடிப் புறப்பட்டவரின் பாதையாக அது தெரிவதில்லை. வாங்கி தூண்டப்பட்டால் மட்டும் ரீ கலம் இயங்காது, சீடி28 என்ற புரதத்தின் வழியாக இரண்டாவது தூண்டலும் வேண்டும் என்பதை, பேர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் அவருடைய குழு காட்டியது. அதன் உறவினர் போன்ற சீரீஎல்ஏ-4 என்ற புரதம், 1987இல் பிரெஞ்சு ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டிருந்தது; அதுவும் ஒரு தூண்டிதான் எனச் சிலர் கருதினர். அலிசனின் குழுவும் ஜெஃப்ரி புளூஸ்டனின் குழுவும் அது தடுப்பான் என்று காட்டின. டாக் மாக்கின் குழுவும் வேறொரு குழுவும் 1995இல் அந்த மரபணுவே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியபோது, கட்டுக்கடங்காமல் பெருகிய நிணநீர்க்குழியங்கள் உறுப்புகளுக்குள் புகுந்து, சில வாரங்களிலேயே அச்சுண்டெலிகளைக் கொன்றன.

அந்தத் தடுப்பானை, நிணநீர்க்குழியங்கள் சொந்த உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களுக்கு மருந்தாக்கவே பலரும் எண்ணினர். அலிசனோ அதைப் பிறபொருளெதிரியால் மறைத்தால் ரீ கலங்கள் புற்றுக்கட்டியைத் தாக்குமா என்று கேட்டார். 1994ஆம் ஆண்டின் இறுதியில் சுண்டெலிகளில் செய்த முதற் பரிசோதனையில் கட்டிகள் கரைந்தன. நம்ப முடியாமல் நத்தார் விடுமுறையிலேயே திரும்பச் செய்தபோது, எந்தக் கூட்டுக்கு மருந்து கொடுக்கப்பட்டது என்று அறியாமல் அவரே கட்டிகளை அளந்தார். முதலில் எல்லாக் கூடுகளிலும் கட்டிகள் வளரவே செய்தன. பிறகுதான் சிலவற்றில் வளர்ச்சி நின்று, சுருங்கத் தொடங்கியது. இந்தத் தாமதம் பின்னர் நோயாளிகளிலும் காணப்பட்டது: சிலருக்கு ஊடுகதிர்ப் படத்தில் கட்டி பெருத்த பின்னரே கரைந்ததால், பழைய அளவுகோலை வைத்துப் பார்த்தவர்கள் மருந்து தோற்றதென்று எண்ணினர்.

கட்டுரை 1996இல் வெளிவந்தது. மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2011 மார்ச்சில். இடைப்பட்ட 15 ஆண்டுகளில் முதற் சில ஆண்டுகள், நிறுவனங்களின் தயக்கத்தில் கழிந்தன. புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசிகள் பலமுறை தோற்றிருந்ததால் அந்தத் தயக்கத்தை நான் குறைகூறத் துணியேன். இப்பிலிமுமாப் எனப்படும் அம்மருந்து பெற்ற, முற்றிய மெலனோமா என்ற தோற்புற்றுநோயாளிகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மூன்றாண்டுகளைக் கடந்தார். அவர்களிற் பலர் பத்தாண்டுகள் கழிந்தும் வாழ்ந்தனர். கடுமையான குடல் அழற்சி போன்ற பக்கவிளைவுகளும் உண்டு.

2018இல் அலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹொன்ஜோவுக்கும் நொபெல் பரிசு கிடைத்த வாரம், முதுமையில் ஊரிலேயே இருந்த சேருக்குத் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "மற்ற நாலு பேருக்கு ஏன் பலிக்கவில்லை?" என்றார். அலிசனின் தமையனைக் கொன்ற, ஆண்களின் புரஸ்தத்துச் சுரப்பியில் வரும் புற்றுநோயை எடுத்துக்காட்டாகச் சொன்னேன்: அந்தக் கட்டிகளுக்குள் ரீ கலங்கள் அரிதாகவே நுழைகின்றன, தடையை நீக்கினாலும் அங்கே போரிட ஆளில்லை, அதைத்தான் அலிசனும் அவர் மனைவி பத்மனி சர்மாவும் ஹியூஸ்ரனில் ஆராய்கிறார்கள். "அப்படியானால் அதைப் பற்றிய கட்டுரையை எழுத்துப் பெரிதாக்கி அனுப்பு, தம்பி, கண் மங்கிவிட்டது" என்றார். மறுநாளே அச்செடுத்து அஞ்சலில் சேர்த்தேன்.